தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: ஒரு வாரச் சிகிச்சை பற்றிய மதிப்புரை

என் அக்காவுக்கு இடது மார்பில் தொடக்க நிலைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, கதிர்வீச்சுக்காகச் சென்னையில் மூன்று மருத்துவமனைகளில் ஆலோசனை கேட்டு, அவற்றுள் ஒன்றில் ஒரு வாரச் சிகிச்சையை எடுத்துக்கொண்டோம். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஆனால் இந்த நோய்க்குக் கதிர்வீச்சு என்பது ஒரே சிகிச்சை அன்று. ஐந்து வாரம், மூன்று வாரம், ஒரு வாரம், மார்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும், அறுவை மேசையிலேயே ஒரே தடவை, புரோட்டான் என்று பல வடிவங்களில் அது முன்வைக்கப்படுவதால், எதை ஏன் விட்டோம் என்பதையும் சொல்லாமல், எடுத்துக்கொண்டதைப் பற்றி மட்டும் எழுதுவது யாருக்கும் பயன்படாது. குறைகளும் உள்ளதால் மருத்துவமனைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு வயது 58. கட்டி ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அக்குள் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) பரவவில்லை. புற்றணுக்களில் ஹார்மோன் ஏற்பிகள் உண்டு, அதாவது ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய வகை; சில மார்பகப் புற்றுநோய்களில் மிகுந்திருக்கும் ஹெர்-2 என்ற புரதம் இல்லை. வெட்டிய ஓரங்களில் புற்றணுக்கள் இல்லை. கீமோ தேவையில்லை என்று முடிவாகியிருந்தது. கீழே வருபவை ஏறத்தாழ இத்தகைய நிலையில் இருப்பவர்களுக்கே பொருந்தும். நெறிகளில் பரவியவர்களுக்கும், மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களுக்கும் கணக்கு வேறு.

“கட்டிதான் போய்விட்டதே, இனி எதற்குக் கரண்ட் வைக்க வேண்டும்?” என்று அத்தான் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான விடை பழையது, உறுதியானது. அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பி-06 ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டு கதிர்வீச்சு பெறாத பெண்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு. மார்பகத்தையே எடுத்தவர்களோடு ஒப்பிட்டாலும் உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. பிற்பாடு 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியிட்டபோது, கதிர்வீச்சினால் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 25.2 விழுக்காட்டிலிருந்து 21.4 விழுக்காடாகக் குறைந்ததும் தெரியவந்தது. இன்றைய அறுவை முறைகளாலும் மாத்திரைகளாலும் நோய் திரும்பும் வீதம் அந்த நாள்களைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் 39 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுவதே மிஞ்சும்.

முதல் மருத்துவமனையில் ஐந்து வாரம் என்றார்கள். நாளொன்றுக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 25 சிட்டிங்கில், அதாவது 25 தடவையில், 50 கிரே. அதன்மேல் கட்டி இருந்த இடத்துக்குத் தனியாகச் சில நாள் பூஸ்ட் எனப்படும் கூடுதல் கதிர். பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் இதுவே வழக்கமாக இருந்தது என்பதால் இதைத் தவறான சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதும் ஏன் இது என்று கேட்டபோது, “இங்கே எல்லோருக்கும் இப்படித்தான்” என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. கனடாவில் 1,234 பெண்களிடம் நடந்த ஆய்வில், 16 சிட்டிங்கில் 42.5 கிரே பெற்றவர்களுக்கும் 25 சிட்டிங்கில் 50 கிரே பெற்றவர்களுக்கும் பத்தாண்டு முடிவில் நோய் திரும்பியது முறையே 6.2, 6.7 விழுக்காடு. பிரிட்டனின் ஸ்டார்ட்-பி ஆய்வில் 15 சிட்டிங்கில் 40 கிரே பெற்றவர்களுக்கு நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை. மார்பகம் சுருங்குவதும் வீங்குவதும் தோலில் இரத்தநாளங்கள் தெரிவதும் குறைவாகவே இருந்தன. பிரிட்டனில் 2009லேயே மூன்று வாரத் திட்டத்தைத் தேசிய வழிகாட்டுதலாக்கிவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும், வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்க வேண்டிய ஒருவரை, தனிக் காரணம் ஏதும் சொல்லாமல் ஐந்து வாரம் இருக்கச் சொல்வது, அவருடைய வாடகையையும் உடன் வருபவரின் கூலி இழப்பையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையே காட்டுகிறது.

குறைந்த நாளில் கூடுதல் கதிர் என்றால் உடம்பு தாங்குமா என்ற ஐயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. நாள்தோறும் தரும் அளவு கூடும்போது மொத்த அளவு குறைக்கப்படுகிறது என்பதை மூன்றாவது மருத்துவமனையின் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 25 நாளுக்கு 2 வீதம் 50, 15 நாளுக்கு 2.67 வீதம் 40. 5 நாளுக்கு 5.2 வீதம் 26. வேறு சில புற்றுநோய்களைப் போலன்றி, மார்பகப் புற்றுநோய் அணுக்கள் தினசரி அளவு கூடும்போது ஏறக்குறைய இயல்பான திசுக்களைப் போலவே எதிர்வினை ஆற்றுவதால், சிறுசிறு அளவாக நீட்டிப்பதில் தனி நன்மை எதுவும் இல்லை என்பதே இதன் அடிப்படை. அந்தத் தாளை அக்கா இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார். நாங்கள் அந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அந்தத் தாள்தான்.

ஒரு வாரத் திட்டத்துக்குச் சான்று ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் என்ற பிரிட்டன் ஆய்வு. 97 மருத்துவமனைகளில் 4,096 பேர் பங்கேற்ற அதன் ஐந்தாண்டு முடிவுகள் 2020இல் லான்செட் இதழில் வெளிவந்தன. 15 சிட்டிங்கில் 40 கிரே பெற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும், 5 சிட்டிங்கில் 26 கிரே பெற்றவர்களில் 1.4 விழுக்காட்டினருக்கும் அதே மார்பில் நோய் திரும்பியது. அதே ஆய்வில் 5 சிட்டிங்கில் 27 கிரே பெற்ற மூன்றாவது குழுவும் இருந்தது. அவர்களுக்கு மார்பகத்தில் நீண்டகால மாற்றங்கள் கூடுதலாக ஏற்பட்டன. ஒரே ஒரு கிரே வேறுபாட்டில் விளைவு மாறுகிறது என்பது, இந்தக் குறுகிய திட்டத்தில் அளவு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது. ஆகவே சி.டி. எடுத்துத் திட்டமிடாமல், மார்பகம் முழுவதும் கதிர் சீராக விழுகிறதா என்று பார்க்காமல், எங்கோ ஓரிடத்தில் ஒரு வாரம் செய்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய இடத்தில் மூன்று வாரமே மேல்.

இரண்டாவது மருத்துவமனையில் பேச்சு முழுவதும் இயந்திரத்தைப் பற்றியே இருந்தது. வரவேற்பறையில் பெரிய படம், மினுமினுக்கும் கையேடு, தொழில்நுட்பத்துக்கு ஏற்ப விலைப் பட்டியல். சி.டி. படத்தைக் கொண்டு வகுக்கும் சாதாரண முப்பரிமாணத் திட்டத்துக்கும், கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றியமைக்கும் ஐ.எம்.ஆர்.டி.க்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு. அக்காவின் நிலைக்கு ஐ.எம்.ஆர்.டி. கட்டாயமா என்று கேட்டால், “பெஸ்ட் வேண்டுமா, நார்மல் போதுமா?” என்ற எதிர்க்கேள்விதான் வந்தது. ஜவுளிக் கடையில் புடவைக்குக் கேட்பது போன்ற கேள்வி அது. மார்பகம் முழுவதற்கும் மட்டுமே கதிர் வைக்கும்போது, நன்றாகத் திட்டமிட்ட முப்பரிமாண முறையே பெரும்பாலோருக்குப் போதும். உடல் அமைப்பால் சிலருக்கு அது சரிவராமல் போகலாம். அப்போது அதைத் திட்டத்தில் காட்டி விளக்கலாம். எத்தனை நாள், மார்பில் எவ்வளவு பரப்பு, இதயத்துக்கு எவ்வளவு அளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்களில் விடை சொல்லாத இடத்தில் இயந்திரத்தின் பெயரைக் கேட்டு ஆவது ஒன்றுமில்லை.

வழக்கமான எக்ஸ் கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் புரோட்டான் சிகிச்சையையும் விசாரித்தோம். சென்னையில் 2019இலிருந்து அந்த வசதி இருப்பதால் உறவினர் ஒருவர் விடாமல் வற்புறுத்தினார். குறிப்பிட்ட ஆழத்துக்கு அப்பால் கதிர் செல்லாமல் நின்றுவிடும் என்பது புரோட்டானின் உண்மையான சிறப்பு. குழந்தைகளின் கட்டிகளுக்கும் மூளை, முதுகெலும்பு ஒட்டிய கட்டிகளுக்கும் அதன் பயன் பெரிது. நெறிகளில் பரவாத தொடக்க நிலை மார்பகப் புற்றுநோயில், கீழே சொல்லப்போகும் மூச்சடக்கும் முறையாலேயே இதயத்துக்குச் செல்லும் அளவு வெகுவாகக் குறைந்துவிடுவதால், அதற்கு மேல் புரோட்டான் மிச்சப்படுத்தித் தரக்கூடியது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்துக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு.

மார்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வைக்கும் முறைதான் எங்களுக்கு உண்மையில் பிடித்திருந்தது. பிரிட்டனின் இம்போர்ட் லோ ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்ட, கட்டி 3 சென்டிமீட்டருக்கு மிகாத பெண்களில், பகுதிக்கு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டில் நோய் திரும்பியது 0.5 விழுக்காடு, முழு மார்புக்கும் பெற்றவர்களில் 1.1. இத்தாலியின் ஃப்ளோரன்சில் 5 சிட்டிங்கில் 30 கிரே என்ற முறையில் 520 பேரிடம் நடந்த ஆய்வில் பத்தாண்டுக்குப் பிறகு பகுதிக்கு மட்டும் பெற்றவர்களில் 3.7 விழுக்காடும் முழு மார்புக்கும் பெற்றவர்களில் 2.5 விழுக்காடும் என்று வந்தது; இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று; தோல் பாதிப்போ பகுதி முறையில் குறைவு. வயதும் கட்டியின் தன்மையும் அக்காவுக்குப் பொருந்தின. பொருந்தாதது ஒன்றே: கட்டி இருந்த குழியின் ஓரங்களில் அறுவையின்போது, பிறகு சி.டி.யில் இடத்தை அடையாளம் காட்டும் டைட்டானியம் கிளிப்புகள் வைக்கப்படவில்லை. கட்டியை எடுத்தபின் மார்பு குழிவிழாமல் இருக்க உள்ளே சதையை நகர்த்தித் தைத்திருந்தார்கள். பார்வைக்கு அது நல்ல வேலைப்பாடு. ஆனால் இரண்டு மாதம் கழித்து சி.டி.யில் பார்க்கும்போது, கட்டி எங்கே இருந்தது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. இடம் தெரியாமல் பகுதிக்கு மட்டும் எப்படி வைப்பது? அறுவை செய்த மருத்துவமனையில் எங்களுக்கு இது முன்கூட்டிச் சொல்லப்படவே இல்லை. கதிர்வீச்சைப் பற்றிய ஒரு முடிவு அறுவை அரங்கிலேயே எங்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டுவிட்டது. அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் கிளிப் வைப்பீர்களா என்று இன்றே கேட்டுக்கொள்வது நல்லது.

அறுவை மேசையிலேயே ஒரே தடவையில் முடித்துவிடும் முறையும் அப்படித்தான். அதை அறுவைக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும், எங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. தாண்டியிருக்காவிட்டாலும் தயங்கியிருப்பேன். டார்கிட்-ஏ ஆய்வில் ஐந்தாண்டில் நோய் திரும்பியது 2.11 விழுக்காடு, முழு மார்புக்கும் பெற்றவர்களில் 0.95, இறுதி நோயியல் அறிக்கையைப் பார்த்தபின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழு மார்புக் கதிர்வீச்சும் தேவைப்பட்டது. மிலானில் எலக்ட்ரான் கொண்டு நடந்த எலியட் ஆய்வில் வேறுபாடு இன்னும் கூர்மை: முறையே 4.4, 0.4. உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ஐந்தே நாளில் முடியும் சிகிச்சை இருக்கும்போது ஒரே நாளில் முடிப்பதன் கவர்ச்சி குறைந்துவிடுகிறது.

காத்திருப்புக் கூடத்தில் 70 வயதைக் கடந்த ஓர் அம்மாவின் மகன், கதிர்வீச்சே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று எங்களிடம் கேட்டார். அதற்கும் சான்று உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட, ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களிடம் நடந்த பிரைம்-2 ஆய்வின் பத்தாண்டு முடிவில், கதிர்வீச்சு பெறாதவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கும் பெற்றவர்களில் 0.9 விழுக்காட்டினருக்கும் மார்பில் நோய் திரும்பியது. இரு தரப்பிலும் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஐந்தாண்டு தவறாமல் மாத்திரை விழுங்குவதன் மேல் நிற்கிறது. மூட்டு வலிக்கிறது என்று ஆறே மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களை நான் அறிவேன். அத்தகையவருக்குக் கதிர்வீச்சையும் விட்டுவிடுவது நல்ல பேரமன்று.

இனி, எடுத்துக்கொண்ட சேவை. திட்டமிடும் நாளில் செய்தது மிகச் செம்மை. சாய்வான பலகையில் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும். அக்குளில் நெறி எடுத்த பக்கம் தோள் இறுகியிருந்ததால், முந்தைய வாரமே பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த, சுவரில் விரல்களை மேல்நோக்கி நகர்த்தும் பயிற்சி அப்போது கைகொடுத்தது. இடது மார்பு என்பதால் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கிக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக் கீழிறங்கும். அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாயும். அதற்காக அக்காவுக்கு அணிவித்த திரைக் கண்ணாடியில் ஒரு பட்டை தெரியும். மூச்சை இழுக்கும்போது அது மேலேறிப் பச்சைக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். “பயப்படாதீங்கம்மா, நீங்க மூச்சு விட்டா கரண்ட் தானா நின்னுடும்” என்று ஒலிபெருக்கியில் டெக்னீஷியன் சொன்ன ஒரு வாக்கியம் அக்காவின் பதற்றத்தைப் பாதி குறைத்தது. வீட்டில் பழகுங்கள் என்றார்கள். இருபது எண்ணும்வரை அடக்கப் பழகியிருந்தார்.

இதயத்தைப் பற்றிய இந்த அக்கறை மிகையன்று. இதயத்துக்குச் செல்லும் சராசரி அளவு ஒரு கிரே கூடும்போதெல்லாம் மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகளின் வாய்ப்பு 7.4 விழுக்காடு கூடுகிறது என்று பிரிட்டன் ஆய்வாளர் சாரா டார்பியும் குழுவினரும் 2013இல் காட்டினார்கள். அக்காவுக்கு நீரிழிவு வேறு இருக்கிறது. சாதாரண மூச்சில் ஒன்று, அடக்கிய மூச்சில் ஒன்று என இரு திட்டங்களையும் திரையில் அடுத்தடுத்து வைத்து, இதயத்துக்கான எண் பாதிக்கும் கீழாக இறங்கியிருப்பதை மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். கேட்காமலே காட்டினார் என்பதைக் குறித்தாக வேண்டும்.

பூஸ்ட் வேண்டுமா என்பதில் முடிவை எங்களிடம் விட்டார். ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வில் 16 கிரே பூஸ்ட், 20 ஆண்டுகளில் நோய் திரும்புவதை 16.4 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. 40 வயதுக்கு உட்பட்டவர்களில் அது 36இலிருந்து 24.4 ஆக இறங்கியது. வயது ஏற ஏற இலாபம் சுருங்கியது, மார்பு இறுகிப்போவதோ கூடியது. நம் ஊரில் இளவயதிலேயே இந்நோய் வருபவர்கள் நிறைய இருப்பதால் அவர்கள் பூஸ்டை எளிதில் விட்டுவிடக் கூடாது. 58 வயதில், ஓரங்கள் சுத்தமாக இருக்கும்போது, அக்கா வேண்டாம் என்றார், மருத்துவரும் ஏற்றுக்கொண்டார்.

சிகிச்சை திங்கள் தொடங்கி வெள்ளியில் முடிந்தது. படுக்கையில் இருக்கும் நேரம் கால் மணிக்குச் சற்றுக் கூடுதல். வலி இல்லை, சூடு இல்லை. அடையாளக் கோடுகளை ஊதா மையில் போட்டு, அழியக் கூடாது என்று அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றார்கள். சித்திரை வெயிலில் அது சிறிய தண்டனைதான், வெள்ளை ஜாக்கெட்டில் ஏறிய மை இன்னும் போகவில்லை. நிரந்தரமான சிறு புள்ளிகள் குத்தும் முறை இருக்க, ஏன் இந்த மை? பேரனைத் தூக்கலாமா என்ற கேள்விக்கு, வெளியிலிருந்து வைக்கும் கதிர் உடம்பில் தங்காது, தாராளமாகத் தூக்கலாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். மஞ்சள் பூசிக் குளிக்க வேண்டாம், சந்தனம் தடவ வேண்டாம், தளர்வான பருத்தி ஜாக்கெட் போதும் என்ற அறிவுரை அச்சிட்ட தாளில் தமிழிலேயே இருந்தது.

குறைகள் இரண்டு. முதலாவது, காப்பீட்டு மேசை. ஐந்து நாள் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்க ஐந்து நாளுக்கும் மேல் ஆயிற்று; 25 சிட்டிங் என்று எழுதியே பழகிய படிவத்தில் 5 என்று இருந்ததும் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்கள், ஆண்டுக்கு 5 இலட்சம் என்ற வரம்புக்குள் அறுவைக்கும் மருந்துக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருப்பதால், தொகுப்பு எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறையே பெரிது. மூன்று வாரம், ஐந்து வாரம் வருபவர்களை மருத்துவர் வாரந்தோறும் பார்ப்பார். தோல் சிவப்பதும் அரிப்பதும் அவர் கண்முன்னே தொடங்கும். ஒரு வாரச் சிகிச்சையில் தோல் சிவக்கத் தொடங்குவதே எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான். அக்காவுக்கு இரண்டாம் வாரம் மார்பின் அடிமடிப்பு சிவந்து எரிந்தது, தோல் உரியவில்லை. கொடுத்திருந்த எண்ணை அழைத்தால் அது பொது வரவேற்பறைக்குப் போனது. அங்கிருந்து கதிர்வீச்சுத் துறைக்கு இணைப்பு கிடைப்பதற்குள் ஒரு பகல் கழிந்தது. அடுத்த சந்திப்போ ஒன்றரை மாதம் கழித்து. குறுகிய திட்டத்தை வழங்கும் இடம், அதற்கேற்பப் பின்தொடர்தலையும் மாற்றியமைக்க வேண்டாமா? பத்தாம் நாளில் ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்து விசாரித்திருந்தால் இந்த மதிப்புரையில் ஐந்துக்கு ஐந்தே தந்திருப்பேன், இப்போது நான்கு. சிவப்பு நான்காம் வாரத்தில் தணிந்து, அந்த இடம் சற்றுக் கறுத்து, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

விடைபெறும் நாளில் தந்த கோப்பில் இரசீதுகளும் மருந்துச் சீட்டும் மட்டுமே இருந்தன. மொத்த அளவு, சிட்டிங் எண்ணிக்கை, எந்தப் பரப்பு, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்ற அளவு ஆகியவை அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டபோது மறுப்பின்றி அன்று மாலையே கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் அதே மார்பைப் பரிசோதிக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அந்த ஒற்றைத் தாளைத்தான். அதை வாங்காமல் கிளம்ப வேண்டாம்.